பட்டனை அமுக்காத அக்கா

ராஜபாளையத்தில் ப்ரவுசிங் சென்டருக்குப் பஞ்சமே கிடையாது. இருந்தும் பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் தெருக்காரர்கள் பிள்ளைகளையும் சர்டிஃபிகேட் ஃபைலையும் இழுத்துக்கொண்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்குத்தான் பஸ் ஏறுவார்கள். அங்கே ஒரு பாத்திரக்கடை மாடியில் அந்த அக்காவின் சென்டர் இருந்தது. மூன்று கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு மரப் பெஞ்சு. அவ்வளவுதான். "அந்தப் பிள்ளகிட்டப் போனா தப்பு வராது" என்று அப்பாவுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். வேறெங்கோ போய் மார்க்கைத் தப்பாக அடித்துவிட்டு ஒரு வருஷத்தைத் தொலைத்த பையன் ஒருவன் எங்கள் தெருவிலேயே இருந்தான். அப்பாவுக்கு அந்த பயம்.

அக்காவுக்கு அப்போது முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒல்லியான உடம்பு, கழுத்து வரை பின் குத்திய சேலை. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு அதையே மேசையில் தேடுவார். டீ வாங்கிவைத்து, ஆடை படிந்த பிறகு ஒரே மூச்சில் குடிப்பார். பேச்சு ரொம்பக் குறைவு. எந்தப் படிப்பு நல்லது, எந்தக் காலேஜில் வேலை வாங்கித் தருகிறார்கள் என்று பெற்றோர்கள் அவரைப் பிய்த்து எடுப்பார்கள். அக்கா பிடி கொடுக்கவே மாட்டார். கம்ப்யூட்டரில் இருப்பதை பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்து, "வீட்டுல வச்சுப் பேசுங்க" என்பார். தப்பு வராமல் செய்வார் என்பதுபோக அவரைப் பற்றி ஊரில் சொல்ல இருந்தது ஒன்றே ஒன்று. அவர் கடைசிப் பட்டனை அமுக்கமாட்டார்.

அதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இன்ஜினியரிங் கவுன்சலிங் அப்போதுதான் ஆன்லைனுக்கு வந்திருந்தது. வேண்டிய காலேஜையும் படிப்பையும் வரிசையாகப் போட்டுக்கொண்டே போகவேண்டும். முதலாவது கிடைக்காவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லாவிட்டால் மூன்றாவது. போட்டு முடித்ததும் கடைசியில் ஒரு பட்டன். அமுக்கினால் வரிசை பூட்டிக்கொள்ளும், அப்புறம் மாற்ற முடியாது. மற்ற சென்டர்களில் அதையும் சென்டர்காரரே அமுக்கிவிட்டு "அடுத்து யாரு?" என்று கேட்பார். இந்த அக்கா வரிசையை பிரிண்ட் எடுத்து, படிக்கப்போகிற பிள்ளையிடம் கொடுத்து, முதலிலிருந்து கடைசி வரை சத்தமாக வாசிக்கச் சொல்வார். பிறகு கைக்குட்டையால் மவுஸைத் துடைப்பார். எழுந்து தன் நாற்காலியில் அந்தப் பிள்ளையை உட்காரவைப்பார். "பாக்குறது நான், அமுக்குறது நீ" என்று சொல்லிவிட்டு ஜன்னலுக்குப் போய், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நிற்பார். மவுஸ் சத்தம் கேட்கும் வரை திரும்பமாட்டார்.

எனக்கு அவர் மேல் கோபம் உண்டா என்று என்னை நானே பலமுறை கேட்டுப் பார்த்திருக்கிறேன். இல்லை என்றுதான் பதில் வருகிறது. கோபம் இருந்தால்கூடத் தேவலை என்று சில சமயம் தோன்றும்.

நான் முதல்முறை போன அன்று எனக்கு முன்னால் மகாராஜபுரத்திலிருந்து ஒரு ராணுவக்காரர் தன் மகனோடு வந்திருந்தார். லீவில் வந்தவர் போல, தலைமுடி ஒட்ட வெட்டியிருந்தது. பையன் முப்பதுக்கு மேற்பட்ட காலேஜ்களை ஒன்றுவிடாமல் வாசித்தான். எல்லாவற்றிலும் ஒரே படிப்பு. வாசித்து முடித்ததும் அக்கா மவுஸைத் துடைத்தார். பையன் உட்காரப் போவதற்குள் ராணுவக்காரர் குனிந்து மவுஸில் கை வைத்துவிட்டார். அக்கா சத்தம் போடவில்லை. மானிட்டரின் ஸ்விட்சை மட்டும் அணைத்தார்.

"ஒங்க டூட்டிய வேற ஆளு பாக்க விடுவியளா அண்ணாச்சி?" என்று கேட்டார்.

அவர் ஒரு நிமிஷம் முறைத்துவிட்டுச் சிரித்துவிட்டார். கையை எடுத்துக்கொண்டு, அட்டென்ஷனில் நிற்பதுபோல பெஞ்சோரம் போய் நின்றார். அக்கா மானிட்டரைப் போட்டுவிட்டு ஜன்னலுக்குப் போனார். பையன் அமுக்கினான். அவன் அப்பா சொன்ன அதே வரிசையைத்தான் அமுக்கினான். பெஞ்சில் உட்கார்ந்திருந்த எனக்கு அப்போதே ஒரு சந்தேகம் வந்தது. இதனால் என்ன மாறிப்போயிற்று என்று யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் எங்கள் முறை வந்துவிட்டது.

என் கதை ஒன்றும் பெரிதில்லை. அப்பா ராஜபாளையத்துக்குப் பக்கத்தில் பேண்டேஜ் துணிக் கம்பெனி ஒன்றில் வெளுக்கிற பிரிவில் வேலை பார்த்தார். எந்நேரமும் நின்றுகொண்டே செய்கிற வேலை. எவ்வளவு குளித்தாலும் அவர் கையில் ப்ளீச்சிங் பவுடர் வாசம் போகாது. நான் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்குப் போகவேண்டும் என்பது அவருடைய ஆசை. அதை ஆசை என்று அவர் சொன்னதுகூட இல்லை. "ஒக்காந்து பாக்குற வேல" என்று யாரைப் பற்றிச் சொன்னாலும் அவர் குரலில் ஒரு மரியாதை வரும், அதிலிருந்து நானே தெரிந்துகொண்டதுதான்.

எனக்குப் புவியியல் பிடித்திருந்தது. அம்மாவின் ஊர் கூமாப்பட்டி. லீவுக்கு அங்கே போனால் எந்தக் கண்மாய் நிறைந்து எந்தக் கண்மாய்க்குத் தண்ணீர் போகிறது என்று நடந்தே போய்ப் பார்த்து நோட்டில் வரைவேன். மகாராஜபுரம் வரைக்கும் வரைந்து வைத்திருந்தேன். மலையில் பெய்கிற மழை எந்த வழியாக வந்து எங்கே போய்ச் சேருகிறது என்று தெரிந்துகொள்வதில் எனக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது. இருந்தது என்று எழுத முடிகிறது. அது எப்படி இருந்தது என்று இப்போது சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

மதுரையில் ஒரு கல்லூரியில் பி.எஸ்சி. புவியியலுக்கு விண்ணப்பம் போட்டிருந்தேன். வந்து சேரச் சொல்லி மெசேஜும் வந்தது. அப்பாவிடம் காட்டினேன். அவர் அதை இரண்டு தடவை என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்டார்.

"இதப் படிச்சா என்ன வேலைக்குப் போலாம் தாயி?"

கிண்டலோ கோபமோ அந்தக் கேள்வியில் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். "டீச்சர் ஆகலாம்ப்பா" என்றேன், வாய்க்கு வந்ததை. அவர் தலையை ஆட்டினார். வேண்டாம் என்று சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை. மறுநாள் ஃபைலை எடுத்துக்கொண்டு கிளம்பச் சொன்னார், கிளம்பினேன். அக்கா போட்டுக்கொடுத்த வரிசையில் நாற்பதுக்கு மேல் இருந்தன. எல்லாமே கம்ப்யூட்டர், எலக்ட்ரானிக்ஸ். சத்தமாக வாசித்தேன். பின்னால் பெஞ்சு நிறையக் கூட்டம் காத்திருந்தது. அக்கா ஜன்னலுக்குப் போய்ச் சேர்வதற்குள் அமுக்கிவிட்டேன்.

பத்து நாளில் சீட் வந்தது. மதுரைப் பக்கம் ஒரு காலேஜில் கம்ப்யூட்டர் சயின்ஸ். வந்த சீட்டை ஏற்றுக்கொள்கிறோமா, வேண்டாமா என்று இரண்டு நாளைக்குள் சொல்லவேண்டும். அதற்கும் ஒரு பட்டன் உண்டு. வேண்டாம் என்று சொன்னால் புவியியலுக்குப் போய்விடலாம், அந்த வாரக் கடைசி வரை அங்கே இடம் இருந்தது. சீட் வந்த அன்று தெருவே எங்கள் வீட்டில் இருந்தது. நான் ராத்திரி சாப்பிடவில்லை. வயிறு சரியில்லை என்று சொன்னேன். அம்மா சீரகத் தண்ணீர் கொடுத்தாள்.

இரண்டாவது நாள் மத்தியானம் அப்பா வேலையிலிருந்து பாதியில் வந்து, "வா தாயி, போய்ட்டு வந்துருவோம்" என்று கூப்பிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற அரை மணி நேரமும் நான் ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரே ஒரு வார்த்தை கேட்டால் போதும், உனக்கு இது பிடித்திருக்கிறதா என்று. கேட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிவிடுவது. மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டும் இருந்தேன். பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வரை அவர் ஒன்றும் கேட்கவில்லை.

அன்று சென்டரில் கூட்டம் இல்லை. அக்கா பக்கத்தைத் திறந்து, ஏற்றுக்கொள்வது எது, வேண்டாம் என்பது எது என்று திரையில் விரல் வைத்துக் காட்டினார். வழக்கமாக ஒரு தடவைதான் சொல்வார். அன்று இரண்டு தடவை சொன்னார். மவுஸைத் துடைத்துக் கொடுத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். அப்பா எதிரே பெஞ்சில் உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் இவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறாள் என்று பார்ப்பதாக எனக்குப் பட்டது. மேலே ஃபேன் ஒன்று தட்டிக்கொண்டே சுற்றியது. நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. யாரும் வாயைத் திறக்கவில்லை. ஏற்றுக்கொள்கிறேன் என்பதை அமுக்கினேன்.

அக்கா திரும்பினார். என்னைப் பார்க்கவில்லை, அப்பாவைப் பார்த்தார். அப்பா எழுந்து வேட்டியைச் சரிசெய்துகொண்டு "சரி" என்றார்.

அதன்பிறகு நான்கு வருஷமும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது அக்காவிடம் போகவேண்டி இருந்தது. ஸ்காலர்ஷிப், முதல் பட்டதாரிச் சான்றிதழ் என்று ஏதாவது ஒன்று இருந்துகொண்டே இருக்கும். அவருக்கு என்னைப் பிடித்துப்போயிற்று என்று நினைக்கிறேன். நான் போனால் பெஞ்சில் உட்காரவைக்காமல் பக்கத்து ஸ்டூலைக் காட்டுவார். சீட் கிடைத்தவர்கள் கொண்டுவரும் பால்கோவா மேசையில் எப்போதும் இருக்கும். அவர் தொடமாட்டார். வரிசையில் இருக்கிற பிள்ளைகளுக்கு எடுத்து நீட்டிவிடுவார். பசியோடு பட்டனை அமுக்கக்கூடாது என்பது அவர் கட்சி.

மூன்றாம் வருஷம் நான் போயிருந்தபோது கூமாப்பட்டியிலிருந்து ஒரு பெண் தன் தாய்மாமாவோடு வந்திருந்தாள். மாமா போலீஸ்காரர். அந்தப் பெண் வரிசையை ஒழுங்காக வாசித்தாள். நாற்காலியில் உட்கார்ந்து மவுஸில் கை வைத்தாள். அப்புறம் அசையவே இல்லை. மாமா செருமிப் பார்த்தார், மணி பார்த்தார். பெஞ்சில் முணுமுணுப்பு ஆரம்பித்தது. ஒரு மணி நேரம் இருக்கும். கீழே பாத்திரக்கடை பாய், கூட்டம் படியில் இறங்கி நிற்பதைப் பார்த்துவிட்டு மேலே வந்து என்னம்மா விஷயம் என்று கேட்டார். அக்கா ஜன்னலைவிட்டுத் திரும்பாமலே பதில் சொன்னார்.

"பிள்ள யோசிக்குது பாய்."

ஒரு பெண்பிள்ளை யோசிக்கிறாள் என்பதற்காக இத்தனை ஆம்பிளைகளை நிற்கவைத்த ஆளை நான் அதுவரை பார்த்ததில்லை. அன்றைக்கு அக்காவை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. கடைசியில் அந்தப் பெண் எழுந்து, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். படி இறங்கும் வரை மாமா அவளைத் திட்டிக்கொண்டே போனது மேலே கேட்டது.

அடுத்த தடவை போனபோது அவளைப் பற்றிக் கேட்டேன். கடைசி நாள் சாயங்காலம் வந்து அமுக்கிவிட்டுப் போனாள் என்றார் அக்கா. என்ன படிப்பு என்று கேட்டேன்.

"அவ மாமா சொன்னதத்தான்."

"பொறவு எதுக்குக்கா அன்னைக்கு அம்புட்டு நேரம்?"

"அவ அமுக்குனாள்ல" என்றார் அக்கா.

எனக்குப் புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்திருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டார். பிறகு தன் கதையைச் சொன்னார். அவ்வளவு பேசி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். அவர் பிளஸ் டூ முடித்த காலத்தில் டீச்சர் ட்ரெயினிங் முடித்தால் கவர்மெண்ட் வேலை நிச்சயம் என்று எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பம் போட்ட அன்று இவர் ஊரிலேயே இல்லை, சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார். திரும்பி வந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. கையெழுத்தைக்கூட அண்ணனே போட்டுவிட்டார். நல்லதுக்குத்தான் செய்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை என்றார். படித்து முடித்து, வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்து, இன்னமும் புதுப்பித்துக்கொண்டிருந்தார். வேலை வரவில்லை. இடையில் டைப்பும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொண்டதுதான் இந்த சென்டர்.

அப்படியானால் உங்களுக்கு என்ன படிக்க ஆசை என்று கேட்டேன்.

"அது மறந்து போச்சு பாப்பா. நெசமாத்தான் சொல்லுதேன். நான் அங்க இல்லங்குறது மட்டும் மறக்கல."

யாருக்காவது நாம் கொடுக்க முடிந்த மரியாதை இதுதான் என்று அவர் ஒன்றைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார் என்று மட்டும் தெரிந்தது. எனக்கும் அதைத்தான் கொடுத்திருக்கிறார் என்று அப்போது நம்பினேன்.

காலேஜ் முடிந்தது. கேம்பஸிலேயே வேலை கிடைத்தது. சென்னையில் ஒரு கம்பெனியில், யாரோ எழுதிய ப்ரோகிராமில் தப்பு இருக்கிறதா என்று பார்க்கிற வேலை. உட்கார்ந்து பார்க்கிற வேலைதான். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பேன். வேலை கஷ்டம் என்று சொல்ல முடியாது, மேனேஜர் மோசம் என்றும் சொல்ல முடியாது. காலையில் கண் விழிக்கும்போது சந்தோஷமும் இல்லை துக்கமும் இல்லை. பல் வலிக்கு ஊசி போட்டபிறகு கன்னம் இருக்குமே, அப்படி இருக்கிறேன் மூன்று நான்கு வருஷமாக. தோழிகள் தங்கள் அப்பாக்களைத் திட்டுவார்கள். அவர்தான் இதில் தள்ளிவிட்டார், நான் டான்ஸ் கற்றுக்கொண்டிருப்பேன், நான் சைக்காலஜி படித்திருப்பேன் என்று அழுவார்கள். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருக்கும். என் அப்பா யாரைப் பார்த்தாலும், "நான் ஒரு வார்த்த சொல்லல. அவளா அமுக்குனா, அவளா மேல வந்தா" என்று சொல்லிப் பூரித்துப்போவார். அவர் சொல்வது உண்மை. அமுக்கியது என் விரல். கோபப்பட எனக்கு ஆளே இல்லாமல் செய்துவிட்டார் அந்த அக்கா.

போன மாதம் சித்தி மகள் கல்யாணம். ஸ்ரீவில்லிபுத்தூரில் மண்டபம். சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வெளியே வந்தபோது எதிரே நாலு கடை தள்ளி அந்தப் பாத்திரக்கடை தெரிந்தது. மேலே ஏறினேன். கூட்டம் குறையவே இல்லை. அக்காவுக்குக் காதோரம் நரைத்திருந்தது. என்னைப் பார்த்ததும், "பேண்டேஜ் அண்ணாச்சி மகதான?" என்று ஸ்டூலைக் காட்டினார். வேலை எங்கே, கல்யாணம் ஆயிற்றா என்று கேட்டுவிட்டு அப்பாவைப் பற்றி விசாரித்தார். அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார், கால் வீக்கம் மட்டும் இருக்கிறது என்றேன்.

"பாவம் அவிய. அன்னைக்கு நான் சென்டர் தொறக்க வாரதுக்கு முன்னாடியே படில ஒக்காந்திருந்தாவ" என்றார்.

நாங்கள் இரண்டு தடவையும் மத்தியானம்தான் வந்தோம் என்று சொன்னேன். அக்கா என்னைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார்.

"ஒங்கிட்டச் சொல்லலையா அவிய?"

அப்பா சொல்லவில்லை என்று தெரிந்ததும் அக்காவே சொன்னார். சீட் வந்த மறுநாள் காலை அப்பா தனியாக வந்திருக்கிறார். முதல் பஸ்ஸில், வேலைக்குப் போவதற்கு முன்னால். பிள்ளை ராத்திரி சாப்பிடவில்லை, அவளுக்கு இதில் மனசு இல்லை போலத் தெரிகிறது, வந்த சீட்டை வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா என்று கேட்டிருக்கிறார். முடியும் என்று அக்கா சொல்லியிருக்கிறார். அப்புறம் ரொம்பத் தயங்கி, இந்த மேப்பு வரைகிற படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார். அக்காவுக்கும் தெரியவில்லை. இரண்டு பேருமாக உட்கார்ந்து ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரில் தேடியிருக்கிறார்கள். நில அளவை, சாட்டிலைட் படம் பார்க்கிற வேலை, குடிநீர்த் திட்டம், ஊர் திட்டமிடுதல் என்று ஒவ்வொன்றாக வந்திருக்கிறது. அக்கா இரண்டு தாள் பிரிண்ட் எடுத்து, அப்பாவுக்கு இங்கிலீஷ் வராது என்பதால் ஓரத்தில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். அப்பா அதை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, அப்படியானால் வேண்டாம் என்பதை நீயே அமுக்கிவிடும்மா என்று சொல்லியிருக்கிறார்.

அக்கா மறுத்துவிட்டார். பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், அவள் அமுக்கட்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அப்ப நான் அன்னைக்கு ஒக்காந்திருக்கையில ஒங்களுக்குத் தெரியும்" என்றேன்.

"தெரியும்."

"ஒரு வார்த்த சொல்லிருக்கலாம்லக்கா."

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். யோசித்துச் சொன்னதாகத் தெரியவில்லை. பல வருஷமாகக் கையிலேயே இருந்த பதில் மாதிரித்தான் வந்தது.

"சொன்னா நான் அமுக்குன மாதிரி ஆயிரும்லா பாப்பா."

அதற்குள் ஒரு பையன் வாசித்து முடித்திருந்தான். அக்கா மவுஸைத் துடைத்து அவனை உட்காரவைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனார். எனக்கு அந்த முதுகைப் பிடித்து உலுக்கவேண்டும் போல இருந்தது. அவனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள் என்று கத்தவேண்டும் போல இருந்தது. செய்யவில்லை. அவன் அமுக்குவதற்கு முன்னால் படி இறங்கிவிட்டேன். மண்டபத்துக்குத் திரும்பிப் போகாமல் பஸ் ஏறி ராஜபாளையம் வந்தேன்.

அப்பா காலை முக்காலியில் நீட்டி வைத்துக்கொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். கல்யாணச் சாப்பாடு எப்படி என்று கேட்டார். நன்றாக இருந்தது என்றேன். பக்கத்தில் உட்கார்ந்து, சீட் வந்த மறுநாள் நீங்கள் தனியாக சென்டருக்குப் போனீர்களா என்று கேட்டேன். டிவி சத்தத்தைக் குறைத்தார்.

"போனேன்."

"எங்கிட்ட ஏம்ப்பா சொல்லல?"

"நான் சொல்லி நீ மாத்துனா, அதுவும் நான் சொன்ன மாதிரிதான தாயி ஆகும். நீயா வேண்டாம்னு சொல்லுவேன்னு நெனச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். அந்தப் பேப்பர்கூட சட்டப் பையிலதான் இருந்துச்சு. நீ சொன்ன ஒடனே எடுத்துக் காட்டணும்னு கையை அதுமேலயே வச்சிருந்தேன். நீதான் அமுக்கிட்டியே. செரி, பிள்ளைக்கு இதுதான் பிரியம் போலன்னு விட்டுட்டேன்."

என்னைப் பார்க்கப் பார்க்க அவர் முகம் மெல்ல மாறியது. காலைக் கீழே இறக்கி என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். அவர் கண்ணில் அப்படி ஒரு பயத்தை நான் பார்த்ததே இல்லை.

"ஏன் தாயி, ஒனக்கு அது புடிக்கலையா?"

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லப்பா" என்றேன்.

அவர் என்னைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு காலைத் தூக்கி மறுபடி முக்காலியில் வைத்துக்கொண்டு, டிவி சத்தத்தைக் கூட்டினார்.